கல்லில் எண் எழுத பாரலாய்டு பி-72: தருமபுரி வெயிலுக்குத் தாங்குமா?

எந்த ஊரில் எடுத்தது என்று தெரியாத பாறைத் துண்டு வெறும் ஜல்லிதான். ஒகேனக்கல் பக்கத்துக் கார்பனடைட்டையும் (கார்பனேட் கனிமங்களால் ஆன தீப்பாறை) சாமல்பட்டிக் கார்பனடைட்டையும் அருகருகே வைத்தால் பழகிய கண்ணே தடுமாறும். முதலாவது சுமார் 240 கோடி ஆண்டுப் பழையது. இரண்டாவதற்கு அதில் பாதி வயதுகூட இல்லை. எது எங்கே எடுத்தது என்பதைச் சொல்ல, கல்லின் மேல் இருக்கும் ஒரு சின்ன எண்ணும் அந்த எண்ணுக்குப் பதிவேட்டில் இருக்கும் ஒரு வரியும்தான் ஆதாரம். எண் உதிர்ந்துபோனால் அந்த வரி எந்தக் கல்லுக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

கல்லில் எண் எழுத அருங்காட்சியகங்களில் அதிகம் பயன்படுவது பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் ரெசின். கண்ணாடி போன்ற சின்னக் குருணைகளாக வரும். அசிட்டோனில் கரைத்துக் கல்லில் ஒரு பட்டையாகப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் எண் எழுதி, மறுபடி ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். மஞ்சளாகாது, உதிராது. பல வருடம் கழித்தும் அசிட்டோன் தொட்ட பட்ஸால் துடைத்து எடுத்துவிடலாம். இத்தனை நல்ல குணம் உள்ள பொருளுக்கு நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு, அது வெயில். அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம். முதலில் இது எதற்குப் பதிலாக வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இங்கே பெரும்பாலான சேகரிப்புகளில் இருப்பவை வேறு பொருட்கள்.

ஸ்டேஷனரி கடைக்குப் போய் "கல்லில் எழுத ஏதாவது கொடுங்க" என்றால் பெரும்பாலும் கைக்கு வருவது ஒயிட்னர். டோலரைட் என்ற கறுப்புக் கல்லின் மேல் பளிச்சென்று தெரியும், உடனே காயும், மேலே பால் பாயின்டால்கூட எழுதலாம். ஆனால் காய்ந்த பூச்சு மொறமொறப்பானது. கல்லைக் கையில் எடுத்து விரல் உரசும் ஒவ்வொரு முறையும் ஓரத்திலிருந்து செதில் செதிலாகக் கிளம்பும், எண்ணையும் கூடவே கொண்டுபோகும். தடிமனாகப் பூசினால் இன்னும் சீக்கிரம். வெறும் ஒயிட்னர் எதற்கும் உதவாது.

நெயில் பாலிஷ் முதல் இரண்டு மூன்று வருடம் ஏமாற்றும், அருமையாக ஒட்டியிருக்கும். அதில் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ். நாளாக ஆக மஞ்சளாகிச் சுருங்கி, முழுப் பட்டையாகவே கல்லைவிட்டு எழும்பிவிடும். பர்மனன்ட் மார்க்கரும் சிடி மார்க்கரும் நீரில் அழியாதவை, வெளிச்சத்தில் அழிபவை. அவற்றில் இருப்பது சாய மை, ஜன்னல் ஓர அலமாரியில் வைத்தால் எண் ஊதா நிழலாகிப் பிறகு காணாமலே போகும். விலை ஒட்டும் ஸ்டிக்கரும் செலோடேப்பும் கோடையில் பசை இளகி நழுவும், அடுத்த கோடைக்குள் பசை காய்ந்து உதிரும், கல்லில் பழுப்புக் கறை மட்டும் மிஞ்சும். பில் போடும் மெஷினில் வரும் தெர்மல் லேபிளைப் பற்றி ஒரு வரி போதும்: சூடு பட்டால் முழுக்கக் கறுக்கும், இல்லையென்றால் எழுத்து வெளுக்கும்.

எனாமல் பெயின்டை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்க மனமில்லை. பழைய கல்லூரி ஆய்வகங்களில் வெள்ளை எனாமல் பட்டையும் கறுப்பு எண்ணுமாக இருக்கும் கிரானைட் துண்டுகள் பல பத்தாண்டுகளாக மாணவர் கையில் உருண்டும் எண் போகாமல் நிற்கின்றன. இருட்டு பீரோவில் மஞ்சளாகும் என்பது சின்னக் குறை. பெரிய குறை, அதை எடுக்க முடியாது என்பது. சுரண்டினால் கல்லின் தோலும் வரும், பெயின்ட் ரிமூவர் போட்டால் துளைகளில் இறங்கும். பாடம் நடத்த வைத்திருக்கும் கருங்கல் துண்டுக்கு எனாமல் போதும். படிகம் உள்ள மாதிரிக்கு வேண்டாம்.

இனி பி-72. 10 கிராம் குருணைக்கு அசிட்டோன் சேர்த்து மொத்தம் 50 மில்லி வரும்படி செய்தால் 20 சதவீதக் கரைசல். எண் எழுத இதுதான் சரியான அளவு. குருணையை நேராகப் பாட்டிலில் கொட்டினால் அடியில் கட்டியாக ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கக் குலுக்கினாலும் கரையாது. மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து, கண்ணாடி பாட்டிலுக்குள் அசிட்டோனில் பாதி மூழ்கும்படி தொங்கவிட்டு மூடியை இறுக்க வேண்டும். கரைந்த ரெசின் கனமானதால் தானாகக் கீழே இறங்கும், புது அசிட்டோன் மேலே வந்து மீதியைக் கரைக்கும். இரவில் தொங்கவிட்டால் காலையில் தயார். நீர்த்த தேன் பதத்தில் இருக்க வேண்டும். பிரஷ்ஷைத் தூக்கும்போது நூல் இழுத்தால் கெட்டி, சில சொட்டு அசிட்டோன் விடலாம்.

அசிட்டோனை ஆய்வகக் கெமிக்கல் கடையில் வாங்குங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் என்று ஃபேன்சி ஸ்டோரில் விற்பதில் தண்ணீரும் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அதில் ரெசின் வெள்ளையாகத் திரிந்துவிடும். அசிட்டோன் ஆவி சுலபமாகத் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் அந்த அறையில் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கிண்ணம் பீங்கானோ கண்ணாடியோ ஆக இருக்கட்டும். கண்ணாடி மாதிரி தெரியும் மலிவு பிளாஸ்டிக் டப்பாக்களை அசிட்டோன் உருக்கிவிடும்.

பூசுவதற்குத் தனி பிரஷ் தேடி அலைய வேண்டியதில்லை. காலியான நெயில் பாலிஷ் பாட்டிலை அசிட்டோன் விட்டு மூன்று நான்கு முறை அலசினால் பாட்டிலும் பிரஷ்ஷும் சேர்ந்தே கிடைக்கும். மூடியிலேயே பிரஷ் இருப்பதால் கரைசல் வீணாக ஆவியாகாது.

கல்லை முதலில் கழுவுங்கள். குவாரியிலிருந்தோ கட்டிங் பேக்டரியிலிருந்தோ வந்த துண்டில் அறுக்கும்போது வந்த சேறு படிந்திருக்கும். பார்க்கச் சுத்தமாகத்தான் தெரியும், ஆனால் அந்தத் தூளின் மேல் பூசிய எதுவும் கல்லில் ஒட்டாது, தூளில்தான் ஒட்டும். நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு நாள் முழுக்க உலரவிட வேண்டும். பர்கூர், கிருஷ்ணகிரி பக்கத்துப் பட்டறைகளில் கிடைக்கும் பாலிஷ் போட்ட துண்டுகளில் முகப்பில் மெழுகோ ரெசினோ ஏற்றியிருப்பார்கள், பின்பக்கம் சில சமயம் வலை வைத்து எபாக்ஸி பூசியிருப்பார்கள். இரண்டு பக்கமும் வேண்டாம், அறுத்த ஓரத்தில் எண் போடுங்கள்.

பட்டைக்கு 15 மில்லிமீட்டர் நீளமும் 6 மில்லிமீட்டர் அகலமும் தாராளம். படிக முகம், புதிதாக உடைத்த முகம், பார்ப்பவர் ரசிக்கும் பக்கம் மூன்றும் இல்லாத, ஆனால் கல்லைத் தூக்கியதும் கண்ணில் படும் இடமாகப் பாருங்கள். கல் உட்காரும் அடிப்பரப்பு வேண்டாம், ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் அங்கேதான் தேயும். ஒரே இழுப்பில் பூசி விட்டுவிட வேண்டும். திரும்பத் திரும்பத் தடவினால் பாதி காய்ந்த ரெசின் சுருண்டு குமிழியாகும். கால் மணி நேரத்தில் தொடலாம், எழுத ஒரு மணி நேரமாவது பொறுப்பது நல்லது.

எழுதும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பி-72 காய்ந்தால் வழவழப்பாக இருக்கும், தண்ணீர் கலந்த மை அதன்மேல் பரவாமல் முத்து முத்தாகத் திரளும். இதற்கு மருந்து, கரைசலில் வெள்ளை நிறமி கலப்பது. டைட்டானியம் டை ஆக்சைடு தூளை 10 மில்லி கரைசலுக்கு 3 கிராம் அளவில், முதலில் இரண்டு சொட்டு அசிட்டோனில் குழைத்துக் கட்டி உடைத்து, பிறகு கலந்தால் சொரசொரப்பான வெள்ளைப் பட்டை கிடைக்கும். மை அதில் நன்றாகப் பிடிக்கும். கறுப்பு டோலரைட்டுக்கும் சார்னோக்கைட்டுக்கும் எப்படியும் வெள்ளை வேண்டும். சையனைட் (syenite) என்ற வெளிர்ந்த பாறைக்கும் இதையே போடலாம், எண் இன்னும் தெளிவாக இருக்கும். ஆனால் நிறமி கலந்ததை நேராகக் கல்லில் பூசக்கூடாது. கீழே தெளிந்த பி-72 ஒரு பூச்சு இருந்தால்தான் பின்னால் துடைக்கும்போது வெள்ளைத் தூள் கல்லின் துளைகளில் சிக்காது.

டைட்டானியம் தூள் கிடைக்காவிட்டால் ஃபெவிக்ரில் போன்ற அக்ரிலிக் வெள்ளை பரவாயில்லை. அது தண்ணீர் கலந்த பெயின்ட், முழுவதும் உலர ஒரு நாள் விட வேண்டும். உப்புக்கல் போன்று தண்ணீரில் கரையும் கனிமத்தின் பக்கம் இந்தப் பெயின்டைக் கொண்டுபோகாதீர்கள்.

பேனாவுக்கு சகுரா பிக்மா மைக்ரான் நம்பிக்கையானது. மை நிறமி வகை, வெளிச்சத்தில் வெளுக்காது. 01 என்று போட்டிருப்பது 0.25 மில்லிமீட்டர் கோடு, 005 என்பது 0.20. சின்னக் கல்லுக்கு 005, மற்றதுக்கு 01. கல்லின் சொரசொரப்பில் அழுத்தினால் முனை நசுங்கிவிடும், அரைகுறையாகக் காய்ந்த பி-72 மேல் எழுதினால் முனை அடைத்துக்கொள்ளும். செலவைக் குறைக்க நினைத்தால் கேமல் வாட்டர்ப்ரூப் டிராயிங் மையும் தொட்டு எழுதும் நிப்பும் போதும். கை பழக வேண்டும், பழகிவிட்டால் இந்த வேலைக்கு அது பேனாவுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. எண்ணின் உயரம் 2 முதல் 3 மில்லிமீட்டர். 6, 9 இரண்டுக்கும் அடிக்கோடு போடுங்கள், தலைகீழாகப் பிடித்தாலும் குழப்பம் வராது.

மேல் பூச்சில்தான் அதிகம் கெடும். அதே அசிட்டோன் கரைசலை மேலே ஓட்டும்போது அது கீழ்ப் பூச்சையும் கொஞ்சம் இளக்கும். பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுத்தால் எண் சாம்பல் கோடாக இழுபடும். மை ஒரு இரவு உலர்ந்த பிறகு, பிரஷ்ஷை நன்றாக நனைத்து, ஒரே திசையில் ஒரே ஒரு இழுப்பு. இதைவிடப் பாதுகாப்பான வழி மேல் பூச்சுக்கு பாரலாய்டு பி-67. அது பெயின்ட் கடையில் விற்கும் மினரல் டர்பன்டைனில் கரையும், டர்பன்டைன் பி-72ஐத் தொடாது. ஆனால் பி-67 வருடங்கள் போகப்போக எடுப்பதற்குக் கொஞ்சம் கடினமாகும், வாங்க இன்னொரு பொருளும் ஆகிறது. கையில் நிதானம் உள்ளவருக்கு பி-72 மட்டுமே போதும்.

மிகச் சின்ன மாதிரிக்கு அச்சிட்ட எண்ணை வெட்டி ஒட்டலாம், அழகாகவும் இருக்கும். லேசர் பிரின்ட்தான் வேண்டும், இங்க்ஜெட் ஈரம் பட்டால் ஓடிவிடும். பி-72 காகிதத்தின் அடியில் மட்டும். மேலே அசிட்டோன் கரைசல் பட்டால் லேசர் டோனரும் இளகி இழுபடும்.

இப்போது வெயில். பி-72 மென்மையாகத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 40 டிகிரி. அருங்காட்சியகத்துக் குளிரூட்டிய அறையில் இது ஒரு பொருட்டே இல்லை. தருமபுரியில் ஏப்ரல், மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் இருக்கும் இரும்பு பீரோ அந்த எல்லையை மதியமே தாண்டிவிடும். எண் உருகி ஓடாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் பூச்சு ஒட்டும் பதத்துக்கு வரும். தூசி படிந்து உள்ளேயே பதியும், பக்கத்துக் கல் சாய்ந்திருந்தால் அதோடு ஒட்டும், செய்தித்தாளில் சுற்றியிருந்தால் காகிதமும் அச்செழுத்தும் எண்ணின் மேல் ஒட்டிப் பிடிக்கும். பிரித்தால் எண் காகிதத்தோடு வரும்.

ஆகவே கோடையில் எண் போட்ட பக்கத்தைத் தாளால் சுற்றி வைக்காதீர்கள். ஒவ்வொரு கல்லையும் தனி அட்டைப் பெட்டியில், எண் எதிலும் படாமல் வையுங்கள். பீரோவை மேற்குச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், மாடிக்கு நேர் கீழே உள்ள மேல் தட்டில் பழைய எனாமல் எண் கற்களை வைத்து, பி-72 போட்டவற்றைக் கீழ்த் தட்டுக்கு இறக்குங்கள். கூரை நிச்சயம் கொதிக்கும் என்றால் பி-72ஐ விட்டுவிட்டு பாரலாய்டு பி-48என் வாங்கலாம், அது மென்மையாவது 50 டிகிரியில். பி-44 இன்னும் மேலே, 60ல். இவ்வளவு உயரும்போது பூச்சு கொஞ்சம் மொறமொறப்பாகும். கான்கிரீட் வீட்டுக்குள் நிழலான அறை இருக்கிறதென்றால் பி-72தான் எங்கள் தேர்வு, மாற்ற அவசியம் இல்லை.

பூசும் நேரமும் முக்கியம். கோடை மதியத்தில் அசிட்டோன் பிரஷ்ஷிலேயே காய்ந்து நூலாக இழுக்கும், குமிழி விழும், காலை ஏழு எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் நேர் எதிர்: அசிட்டோன் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் படிய, பூச்சு பால் போல் வெளுக்கும். எண் கெடவில்லை, பதற வேண்டாம். வெயில் வந்த நாளில் மேலே சுத்த அசிட்டோனை ஒரு முறை லேசாக ஓட்டினால் தெளிந்துவிடும்.

நம் பக்கத்துக் கற்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. அரூர் பக்கம் வேலாம்பட்டிப் பகுதியில் குவார்ட்ஸ் நரம்புகளில் கிடைக்கும் மாலிப்டினைட் விரலில் ஈயம் போல் அப்பும், அத்தனை மிருது. அதன்மேல் பூசியது அதோடு உரிந்து வரும். எண்ணைக் குவார்ட்ஸில் போடுங்கள். அதே நரம்பில் பைரைட் இருந்தால் ஈரக்காற்றில் அது சிதைந்து கந்தக அமிலம் கசியும், கூட வைத்த காகித அட்டை பழுத்துப் பொடியாகும். அட்டையைத் தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். செவ்வாத்தூர் வெர்மிகுலைட் ஏடு ஏடாக உரியும், அதற்கு ஜிப் லாக் கவரும் உள்ளே பென்சிலில் எழுதிய சீட்டும்தான். மைக்கா பட்டையிலும் எண் போடாதீர்கள், ஏட்டோடு எண்ணும் போகும். பாப்பாரப்பட்டிக் குருந்தத்துக்குப் படிகத்தைச் சுற்றியுள்ள ஃபெல்ட்ஸ்பாரில் இடம் இருக்கும், அங்கே. பாரடைஸோ என்று விற்கும் கிருஷ்ணகிரி மிக்மடைட்டில் வெளிர்ந்த வரியில் எழுதுங்கள், கறுத்த வரி பயோடைட் என்ற கறுப்பு மைக்கா, அதில் பூச்சு பிடிக்காது.

சேலம் மேக்னசைட்டும் கங்கர் சுண்ணாம்பும் கரைசலை உறிஞ்சிக்கொள்ளும், எடுக்கவே முடியாத ஒரு கறுத்த திட்டு விழும். இவற்றுக்கு நூல் கட்டிய அட்டைதான் சரி. இத்துப்போன கார்பனடைட்டும் அப்படித்தான், இறுகிய துண்டாக இருந்தால் மட்டும் கெட்டியான கரைசலில் இரண்டு பூச்சு கொடுத்துப் பார்க்கலாம். இன்னொன்று: கார்பனடைட் என்றாலே எல்லோருக்கும் ஆசிட் சொட்டு விட்டுப் பார்க்கத் தோன்றும். அதை எண் போடும் முன்பே, வேறு பக்கத்தில் செய்து, தண்ணீரில் நன்றாக அலசி உலர்த்திவிடுங்கள். மிச்ச அமிலம் பட்டைக்கு அடியில் கல்லையே தின்னும்.

கல்லில் எண் மட்டும் போதும். மற்ற எல்லாம் அட்டையிலும் பதிவேட்டிலும்: கனிமம், தாய்ப்பாறை, கிராமம், வட்டம், மாவட்டம், அட்ச தீர்க்க ரேகை, தேதி, எடுத்தவர், கனிமத்தின் பெயரைச் சொன்னவர். இங்கே மாவட்டப் பெயரை நம்பி இருந்தால் ஏமாறுவோம். 1965 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தில் இருந்தது, 2004 வரை கிருஷ்ணகிரி தருமபுரியில் இருந்தது. செவ்வாத்தூர் வட ஆற்காடு, வேலூர் என்று போய் 2019ல் திருப்பத்தூருக்கு வந்தது. 'சேலம்' என்று மட்டும் எழுதிய பழைய அட்டை ஓசூரையும் குறிக்கலாம், அரூரையும் குறிக்கலாம். பழைய அட்டையைத் திருத்தாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். அதைக் கவரில் போட்டு, பக்கத்தில் புது அட்டை வைத்து, இன்றைய மாவட்டத்தோடு பழைய பெயரையும் எழுதுங்கள். ஒரு கல் உடைந்து போனாலும் கைமாறினாலும் அதன் எண்ணை வேறு கல்லுக்குத் தரக்கூடாது.

வாங்குவதற்கு: பி-72 தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டத்திலும் சாதாரணக் கடைகளில் எதிர்பார்க்க முடியாது, அருங்காட்சியகப் பாதுகாப்புப் பொருள் விற்பவர்களிடம் ஆன்லைனில் வரவழைக்க வேண்டும். 50 கிராம் குருணை ஆயிரம் கல்லுக்குத் தாராளம், அதற்கு மேல் வாங்கித் தேக்க வேண்டாம். தயார் நிலைக் கரைசலாக விற்பதை வாங்காதீர்கள், அசிட்டோனுக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பதுபோல் ஆகும், பார்சலில் கசிந்தும் வரும். குருணை கெடாது. பாட்டிலில் கரைசல் காய்ந்து கட்டியானாலும் தூக்கிப் போடாமல் அசிட்டோன் ஊற்றி ஒரு இரவு வைத்தால் மறுபடி கரைந்துவிடும். இருபது முப்பது கல் மட்டும் வைத்திருப்பவர் இத்தனையும் வாங்க வேண்டியதில்லை, தனித்தனி டப்பாவும் பென்சில் சீட்டும் போதும். நூறைத் தாண்டியவர்கள் இந்த ஆர்டரை மாசிக்குள் போட்டு, வெயில் ஏறும் முன் எண் போட்டு முடித்துவிடுவது நல்லது.